வேலி அறியாத நீர்: யாழ்ப்பாணத்துச் சுகாதார சபைகள், அன்றும் இன்றும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. மாரியில் மட்டும் நீர் காணும் வழுக்கியாற்றை விட்டால், குடிப்பதற்கும் குளிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் நிலத்தடி நீர்தான் கதி. ஐப்பசியில் பிடித்து மார்கழியோடு ஓய்கிற மழை, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியில் கிடக்கும் கடல்நீரின் மேல் நன்னீராய் மிதக்கிறது. அதே வெடிப்புகள் வழியேதான் மலக்குழியின் கசிவும் இறங்குகிறது. இந்த மண்ணில் பொதுச் சுகாதாரம் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் கிணற்றடியில் வந்து நிற்பது இதனால்தான்.

அந்தக் கிணற்றைக் காக்கும் பொறுப்பு ஒன்றரை நூற்றாண்டாக எத்தனையோ பெயர்களில் எத்தனையோ சபைகளிடம் கைமாறி வந்திருக்கிறது. அந்தச் சபைகள் சாதித்தவை சிறியவை அல்ல. ஆனால் அன்று அவை வென்ற நோயும் இன்று நம்முன் நிற்கும் நோயும் ஒன்றல்ல. பழைய ஆயுதத்தோடு புதிய களத்தில் நிற்கிறோம் என்பதை ஊர் உணரவேண்டும்.

வாந்திபேதிக் காலம்

19ஆம் நூற்றாண்டில் குடாநாட்டை உலுக்கிய பெயர் வாந்திபேதி. இந்தியக் கரையோடு இருந்த வள்ளப் போக்குவரத்து, திருவிழாக் கூட்டம், மூடாத கிணறு என எல்லாமே அதற்கு வழிவிட்டன. காலையில் தோட்டத்துக்குப் போனவர் மாலையில் உயிரோடு இல்லை என்ற நிலை. 1866-67ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோய் அவற்றுள் மிகக் கொடியது.

அன்று யாழ்ப்பாணத்தில் நகரசபை கிடையாது. அரசாங்க அதிபர் ஒருவரே சகலமும். நீண்டகாலம் அதிபராக இருந்த பேர்சிவல் டைக்கின் முன்முயற்சியில் 1850இல் நட்புறவுச் சங்கத்தின் தர்ம வைத்தியசாலை தொடங்கியது. இன்றைய யாழ். போதனா வைத்தியசாலையின் வித்து அது. மறுபுறம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் வந்த இவர், அறுபதுக்கும் மேற்பட்டவர்களை வைத்தியர்களாகப் பயிற்றினார். பின்னாளில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடலமைப்பும் சுகாதாரமும் சொல்லும் நூல்களைத் தமிழாக்கினார். நோய் எப்படி வருகிறது, எப்படித் தடுப்பது என்பதை மக்கள் தங்கள் மொழியில் அறிந்தால்தான் நடத்தை மாறும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. யாழ்ப்பாணத்துச் சுகாதாரக் கல்வியின் முதல் அத்தியாயம் அவரோடு தொடங்குகிறது.

சபைகள் பிறந்த கதை

பிரித்தானிய ஆட்சி ஊராட்சியைக் கொண்டுவந்ததே பெரும்பாலும் சுகாதாரத்தின் பெயரால்தான். 1862இல் தொல்லைகள் கட்டளைச்சட்டம் வந்தது. தெருவில் கழிவை ஓடவிடுவதும் நாறும் குப்பையை வளவில் குவிப்பதும் அதன்படி தண்டனைக்குரிய குற்றம். 1876ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் உருவாக்கிய உள்ளூர்ச் சபைகளின் முழுப் பெயரிலேயே சுகாதாரமும் அபிவிருத்தியும் சேர்ந்திருந்தன. 1892இல் சிறுபட்டினங்களுக்கான சுகாதாரச் சட்டம் வந்து, சிறிய ஊர்களுக்கும் சுகாதார சபைகள் அமைய வழி திறந்தது.

யாழ்ப்பாண நகரத்துக்கு உள்ளூர்ச் சபை கிடைத்தது 1906இல். 1921இல் அது நகர மாவட்ட சபையாயிற்று. 1940இல் நகரசபை. 1949இல் மாநகரசபை, முதல் மேயர் சாம் சபாபதி. நகரத்துக்கு வெளியே கிராமச் சங்கங்களும் பட்டினசபைகளும் வளர்ந்தன. அவற்றின் இடத்தை இன்று 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரதேச சபைகள் வகிக்கின்றன. யாழ். மாவட்டத்தில் இப்போது மாநகரசபை ஒன்று. பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி என நகரசபைகள் மூன்று. பிரதேச சபைகள் பதின்மூன்று.

பழைய சபையின் வேலைப்பட்டியல் எளியது: சந்தை, கசாப்புக்கடை, வாய்க்கால், பொதுக்கிணறு, மலசலகூடம், தெருக்குப்பை. இவை எல்லாம் ஒரே கையில் இருந்தன. குறை சொல்ல வந்தவர் ஒரே கதவைத் தட்டினால் போதும்.

படலையடியில் ஒரு சைக்கிள்

சட்டத்தை ஊருக்குள் கொண்டுவந்தவர் சனிட்டரி இன்ஸ்பெக்டர். பிற்காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆனார்; ஊர்வாயில் பி.எச்.ஐ. 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவு, வைத்தியர், பரிசோதகர், மருத்துவமாது ஆகிய மூவரையும் வைத்தியசாலைக்கு வெளியே, மக்கள் வாழும் இடத்துக்கே அனுப்பும் முறையை இலங்கைக்குக் கொண்டுவந்தது. பின்னர் அது நாடெங்கும் பரவியது. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் சைக்கிளில் வந்தவர்கள் அந்த முறையின் பிள்ளைகள்.

அவர் கிணற்றுக்குக் குளோரின் இடும் விதத்தை அந்தக் காலத்தவர்கள் நன்றாக அறிவார்கள். கிணற்றின் விட்டத்தையும் நீர்மட்டத்தையும் அளந்து, எவ்வளவு நீர் என்று கணக்கிடுவார். அதற்கேற்ற குளோரின் தூளை முதலில் சிறிது நீரில் குழைத்து, பிறகு வாளி நிறைய நீரில் கலக்கி வைப்பார். சுண்ணாம்பு அடியில் படியும்வரை பொறுத்திருப்பார். மேலே தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் இறுத்து, கிணற்றுக்குள் இறக்கி, நீருக்கடியில் வாளியை மேலும் கீழும் அசைத்துக் கலப்பார். மாலையில் போட்டால் மறுநாள் காலைவரை அந்தக் கிணற்றில் அள்ளக்கூடாது. “ராவைக்கு வேண்டிய தண்ணியை இப்பவே அள்ளி வையுங்கோ அம்மா” என்பது அவர் விடைபெறும்போது சொல்லும் வார்த்தை. வெள்ளம் வடிந்த ஒவ்வொரு தை மாதமும் நெருப்புக் காய்ச்சலையும் செங்கண்மாரியையும் தடுத்து நிறுத்தியதில் இந்த வாளிக்குப் பெரும் பங்குண்டு.

குடும்பநல மாதுவின் பணியும் இதற்குக் குறைந்ததல்ல. சனசமூக நிலையத்தில் கிளினிக் நாளன்று தராசில் பிள்ளையைத் தூக்கி நிறை பார்த்து, அட்டையில் புள்ளியிட்டு, கோடு கீழே இறங்கினால் அந்த வீட்டுக்கே தேடிப் போவார். 1935இல் இலங்கையில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஒரு வயதைக் காணவில்லை. இன்று அந்த எண் பத்துக்கும் கீழே. இந்தச் சாதனையைப் பெரிய வைத்தியசாலைகள் மட்டும் தந்துவிடவில்லை. ஒழுங்கை ஒழுங்கையாய் நடந்த கால்களும் தந்தன.

அன்றின் இருண்ட பக்கம்

பழைய காலத்தைப் போற்றிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். அன்றைய நல்ல தண்ணீர் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் பல ஊர்களில் கிணற்றுக் கட்டில் ஏற முடியாது. பட்டையில் யாராவது அள்ளி ஊற்றும்வரை வெயிலில் குடத்தோடு காத்திருக்கவேண்டும். டொமினிக் ஜீவா தம் முதல் சிறுகதைத் தொகுதிக்கு ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்று பெயரிட்டதும், கே. டானியல் ஒரு நாவலுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டதும் இந்த வாழ்விலிருந்துதான். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னும் கிணறுகள் உடனே திறந்துவிடவில்லை. சுத்தமான கிணறு இருந்தும் பக்கத்துக் குடும்பம் குளத்து நீரைக் குடிக்க நேர்ந்தால், அந்த ஊரில் நோய் ஒழிய வழியே இல்லை. சாதி ஒரு சுகாதாரக் கேடாகவும் இருந்தது.

மலசலகூடத்தின் கதையும் அப்படித்தான். கிராமத்தில் பனை வடலிதான் மறைவிடம். நகரத்தில் வாளிக் கக்கூசு. விடியுமுன் பின்வாசல் வழியே வந்து, வாளியை எடுத்து வண்டியில் கொட்டிக்கொண்டு போன தொழிலாளர்களின் தோளில்தான் நகரத்தின் சுகாதாரம் நின்றது. தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தோரும் அவர்களுள் இருந்தனர். நகரத்தை நோயிலிருந்து காத்தவர்களுக்கு அந்த நகரம் முன்வாசலைத் திறக்கவில்லை. நீரடைப்பு மலசலகூடம் பரவி வாளி ஒழிந்தது குடாநாட்டின் பெரிய விடுதலைகளில் ஒன்று. ஆனால் குப்பை அள்ளும் கைக்கு ஒழுங்கான கையுறையும் நிரந்தர நியமனமும் கிடைக்கும்வரை அந்த விடுதலை முழுமை பெறாது.

போர் நடுவே

1983க்குப் பின் யாழ்ப்பாணத்தில் அடுத்த உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது 1998 ஜனவரியில். இடையில் பதினைந்து ஆண்டுகள். தேர்தல் நடந்தும் நிம்மதியில்லை: அந்த ஆண்டு மேயரான சரோஜினி யோகேஸ்வரன் மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன்னுத்துரை சிவபாலன் செப்டெம்பரில் குண்டுவெடிப்பில் பலியானார். நகரத்தின் வாய்க்கால்களுக்கும் சந்தைகளுக்கும் பொறுப்பேற்க முன்வருவதே உயிராபத்தாயிருந்த காலம் அது.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் மருந்தும் அரிதாயின. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் ஊர்களாகின. ஒரு குடும்பத்துக்குத் தோண்டிய கிணறு நூறு பேருக்கு நீர் கொடுக்கவேண்டியிருந்தது. சபைகள் கலைந்து கிடந்த அந்த ஆண்டுகளில் பரிசோதகர்களும் குடும்பநல மாதுகளும் சுத்திகரிப்புத் தொழிலாளர்களும் வேலையை விட்டுவிடவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் தொடங்கிய மருத்துவ பீடமும் கதவை மூடிவிடவில்லை. அந்தத் தலைமுறைக்கு இந்த மண் பட்ட கடன் பெரிது.

வென்ற நோயும் வந்த நுளம்பும்

போர்க்காலத்தில் வடக்கை வாட்டிய மலேரியா ஓய்ந்துவிட்டது. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. உலகமே பாராட்டிய வெற்றி.

ஆனால் அதே ஆண்டு டிசெம்பரில் மன்னாரில் ஒரு புதிய அனோபிலிஸ் நுளம்பு அகப்பட்டது. தென்னிந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் ஸ்டீபென்சி இனம் அது. மறு ஆண்டில் யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். கிணறும் சீமெந்துத் தொட்டியும் அதற்குப் பிடித்த தொட்டில். வீட்டுக்கொரு கிணறு உள்ள நாட்டுக்கு இதைவிட வேறு எச்சரிக்கை தேவையில்லை. குடம்பி தின்னும் மீன்களைக் கிணறுகளில் விடும் வேலை அதன்பின் தொடங்கியது. டெங்கு நுளம்பும் பழைய பாடத்தை மீறிவிட்டது. சுத்தமான நன்னீரில்தான் பெருகும் என்று சொல்லிவந்தோம். வடக்கு, கிழக்குக் கரையோரங்களில் உவர்நீரிலும் கைவிட்ட கிணறுகளிலும் அது வளர்வதை, யாழ். பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் எஸ்.என். சுரேந்திரன், ரஞ்சன் ராமசாமி ஆகியோர் 2011 முதல் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின.

இன்றைய பி.எச்.ஐ வீட்டுக்குள் வந்தால் கிணற்றைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூச்சாடிக்குக் கீழே வைத்த கோப்பை, கூரைப் பீலி, வெளிநாட்டுக்குப் போனவர்களின் பூட்டிய வீட்டுத் தண்ணீர்த்தாங்கி என்று தேடுகிறார். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரவும் அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உரிமையாளருக்கு எந்தப் படலையில் அறிவித்தல் ஒட்டுவது? ஆளில்லா வளவு இன்று குடாநாட்டின் புதிய சுகாதாரப் பிரச்சினை. 2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழைக்குப் பின் வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் எலிக்காய்ச்சல் உயிர்களைக் குடித்தபோது, தடுப்பு மாத்திரையோடு வயல் வரம்புவரை போனவர்களும் இதே களப்பணியாளர்கள்தான்.

குளோரினுக்கு அடங்காத நஞ்சு

மாற்றம் மிக ஆழமாக நடந்திருப்பது நிலத்துக்குக் கீழே. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உடல் தாங்கும் அளவுக்குத்தான் நீர் மேலே வந்தது. இறைப்பு மெசின் வந்தபின் அந்த எல்லை போயிற்று. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெங்காயமும் மிளகாயும் பொன் விலை போனபோது, செம்மண் தோட்டங்களில் யூரியாவும் தாராளமாக விழுந்தது. அந்தப் பயிர்கள் குடாநாட்டுப் பிள்ளைகள் பலரைப் படிக்கவைத்தன, மறுக்கமுடியாது. ஆனால் பயிர் எடுத்ததுபோக மிஞ்சிய நைதரசன் மழையோடு இறங்கி நைத்திரேற்றாகக் கிணறுகளில் சேர்ந்தது. அதோடு மலக்குழிகளின் கசிவும் சேர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துக் கிணறுகள் பல அந்த எல்லையைத் தாண்டியதை 1980கள் முதல் ஆய்வுகள் சொல்லிவருகின்றன. பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கே இதில் முதல் ஆபத்து.

இங்கேதான் பழைய ஆயுதம் தோற்கிறது. குளோரின் கிருமியைக் கொல்லும்; நைத்திரேற்றைத் தொடாது. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி நைத்திரேற்றுச் செறிவு கூடுமே தவிரக் குறையாது. நிறமில்லை, மணமில்லை, நாக்குக்கும் தெரியாது.

சுன்னாகம் இதை வேறுவிதமாக உணர்த்தியது. மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்தபோது, வாளியில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. 2015 தொடக்கத்தில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். 2019 ஏப்ரல் 4இல் உயர் நீதிமன்றம் நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. கிணறு ஒன்றுக்குக் கிடைக்கக்கூடிய உச்சத்தொகை 40,000 ரூபா. நீதி கிடைத்தது, கெட்ட நீரை எந்தப் பணமும் உடனே திருத்திவிடாது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்ததால் ஊர் எழுந்தது. நைத்திரேற்று தெரிவதில்லை, அதனால் எழவில்லை.

நம்மவர் வளவைக் கூட்டித் துப்புரவாக வைப்பதில் பேர்போனவர்கள். அந்தத் துப்புரவு வேலியோடு நின்றுவிடுகிறது. நீர் வேலியை அறியாது. என் குழியின் கசிவு உங்கள் கிணற்றில். உங்கள் தோட்டத்து யூரியா அடுத்த வட்டாரத்துப் பிள்ளையின் போத்தலில். பழைய சுகாதாரம் வீட்டுக்கு வீடு வென்றது. இன்றைய சுகாதாரத்தை எல்லோரும் சேர்ந்துதான் வெல்லமுடியும்.

யாருடைய பொறுப்பு?

சட்டத்தைக் கேட்டால் பதில் தெளிவு. பொதுச் சுகாதாரம் சம்பந்தமான விடயங்களை ஒழுங்குபடுத்துவதும் நிர்வகிப்பதும் பிரதேச சபையின் கடமை என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கத்திலேயே சொல்கிறது. நடைமுறையோ வேறு. பிரதேசங்களில் சுகாதார வைத்திய அதிகாரியும் பி.எச்.ஐயும் மாகாணச் சுகாதாரத் திணைக்களத்தின் கீழ். குழாய்நீர், நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம். தொழிற்சாலைக் கழிவு, மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம். உரம் கமநலச் சேவைகளிடம். குப்பை மட்டும் சபையிடம். நகரக் குப்பையைக் கொட்டும் கல்லுண்டாய் வெளியில் தீப்பிடித்துப் புகை கிளம்பும்போதெல்லாம் அயலூரார் யாரிடம் முறையிடுவது என்று தவிக்கிறார்கள். கிணற்றின் அடிநீருக்கு மட்டும் முழுப் பொறுப்பாளர் எவருமில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்ட சபையும் தொடர்ந்து இருந்ததில்லை. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6இல்தான். இரண்டு ஆண்டுகள் செயலாளர்களும் ஆணையாளர்களுமே நிர்வகித்தார்கள். அதிகாரி கோப்பை நகர்த்தலாம். ‘உன் மலக்குழியை மாற்றிக் கட்டு’ என்று ஊரவரிடம் சொல்லிக் கேட்கவைக்க ஊர் தெரிவுசெய்த ஆள் வேண்டும்.

இதற்கிடையில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளுக்கு 24,000 கனமீற்றர், அதாவது 2 கோடியே 40 லட்சம் லீற்றர் நீர். நெடுங்காலம் காத்திருந்த நன்மை அது, வரவேற்கவேண்டும். ஆனால் குழாயில் வரும் நீர் எங்கே போகிறது? குடாநாட்டில் நகரம் முழுவதற்குமான கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லை. முன்பு கிணற்றடியில் குளித்த நீர் வாழைக்குப் போனது. இன்று குளியலறை நீரும் சமையலறை நீரும் மலக்குழி நீரும் அதே சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்குகின்றன. குழாய் வந்த துணிவில் கிணற்றை மறந்தால், தோட்டமும் அயலும் இன்னமும் நம்பியிருக்கும் நீரை நாமே கொன்றவர்களாவோம்.

இனிச் செய்யவேண்டியது

இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இருக்கும் அதிகாரம் போதும். ஒவ்வொரு பிரதேச சபையும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாதிரிக் கிணறுகளைத் தெரிந்து, மாரிக்கு முன்னும் பின்னும் நீரைச் சோதிக்கட்டும். முடிவுகளைச் சனசமூக நிலையத்தின் அறிவித்தல் பலகையில் தமிழில், எல்லோரும் விளங்கும்படி ஒட்டட்டும். கிறீன் கண்ட வழி அது, இன்றும் பழுதில்லை. வீட்டுப் படம் அனுமதிக்கு வரும்போது, மலக்குழி பக்கத்து வளவுக் கிணற்றிலிருந்தும் எவ்வளவு தூரம் என்று அளந்துபார்த்தே கையெழுத்திடட்டும். அடியும் பக்கமும் பூசி அடைத்த குழியைக் கட்டாயமாக்கட்டும். மலக்கழிவு அகற்றும் பவுசர் எங்கே இறக்குகிறது என்பதற்கு ஒவ்வொரு தடவையும் பதிவு இருக்கட்டும். பூட்டிய வீடுகளுக்கு உள்ளூரில் ஒரு பொறுப்பாளரின் பெயரைப் பதிவது கட்டாயமாகட்டும். சபைத் தவிசாளரும் சுகாதார வைத்திய அதிகாரியும் கமநல உத்தியோகத்தரும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் அமரட்டும். சந்தைக் குத்தகையைப் பேசுமுன் கடைசிக் கிணற்றுச் சோதனையின் முடிவை வாசிக்கட்டும்.

வாந்திபேதியை ஓடவைத்த ஊர் இது. மலேரியாவைப் போர் முடிந்து சில ஆண்டுகளிலேயே ஒழித்த ஊர். அந்த வெற்றிகள் வானத்திலிருந்து விழவில்லை; பொறுப்பேற்ற சபைகளும் படலை திறந்துவிட்ட மக்களும் சேர்ந்து பெற்றவை. இப்போது சபைகளில் மீண்டும் நாம் தெரிவுசெய்தவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். வீதி போட்டுத் தாருங்கள், விளக்குப் போட்டுத் தாருங்கள் என்று கேட்கிற நாம், எங்கள் வட்டாரத்துக் கிணற்று நீரில் நைத்திரேற்று எவ்வளவு என்றும் அவர்களைக் கேட்கவேண்டும். பதில் வரும்வரை கேட்கவேண்டும்.